வளவு என்னும் படகின் வீட்டுக்காரி

அன்று காலை ஒரு பாடசாலைச் சீருடைக்கான துணியை வெட்டி மேசைமீது விரித்திருந்தேன். கைபேசி ஒலித்தது. அழைத்தவள் பத்மாவதி அக்கா அவர்களின் ஒரே மகள் துஷ்யந்தி.

"அன்ரி, அம்மா போயிட்டா."

"முகத்துவாரம் இன்னும் மூடித்தானே கிடக்கு. எதால போனவ?" என்று கேட்டேன்.

மறுமுனையில் அழுகை கேட்டது. அதன் பிறகே அவள் சொன்ன சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது. என் கேள்வியை அறியாமை என்று எண்ணுவோர் அக்காவை அறியாதவர்கள். வாவியும் கடலும் கலக்கும் முகத்துவார வாயை மணல் அடைத்துக்கொள்ளும் காலத்தில் எந்தப் படகும் வெளியேற இயலாது. மாரியில் வெள்ளம் பெருகி அவ்வாய் வெட்டப்பட்டு, காற்றும் தணிந்ததும், "பத்மாக்கா போயிட்டா" என்ற செய்தி எங்கள் ஊரான புளியந்தீவெங்கும் பரவும். தம் கணவரோடு சொந்தப் படகில் தீவுகளைக் காணப் புறப்பட்டுவிட்டார் என்பதே அதன் பொருள். ஆண்டுதோறும் நாங்கள் மகிழ்ந்து கேட்ட சொல் அது.

இவ்வாண்டு வைத்தியர் அக்காவுக்குத் தூரப் பயணத்தை விலக்கியிருந்தமையால், இருவரும் முகத்துவாரத்தை அடுத்த பாலமீன்மடுவில் நங்கூரமிட்ட படகிலேயே இருந்தார்கள். காலைத் தேநீரைக் குடித்து முடித்து, முன்தட்டில் சாய்ந்த அக்கா பின்னர் எழும்பவில்லை. "காத்துக்குக் கண்ணயர்ந்திட்டா எண்டு நினைச்சன் கா. வெயில் படாமல் படங்கை இழுத்து விட்டன்" என்று எங்கள் பக்கத்தில் பெண்களை விளிக்கும் 'கா' சேர்த்து என்னிடம் சொன்னார் அவருடைய கணவர் நல்லதம்பி அண்ணன். வெயில் மறைக்கும் அந்தப் படங்குத் துணி நான் தைத்துக் கொடுத்தது.

செத்தவீடு மகளின் இல்லத்தில் நடந்தது. பந்தலின் கீழ் அமர்ந்திருந்த பெரியவர்களின் பேச்சு, சடலம் எடுக்கப்படும் முன்னரே, ஒரு கேள்வியில் வந்து நின்றது. நல்லதம்பி இனி எங்கே இருப்பது?

பிற ஊரார்க்கு இது விந்தையாகத் தோன்றலாம். எங்கள் பகுதியில் வீடு பெண்ணின் சொத்து. தாயிடமிருந்து மகளுக்கு அது சீதனமாகச் செல்லும். ஆண்மகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். அக்காவும் அண்ணனும் வாழ்ந்த படகு அக்காவின் பெயரில் இருந்தது. ஆகவே அது இனித் துஷ்யந்தியின் ஆதனம். மனைவி மறைந்தபின் அண்ணனுக்கென்று ஒரு கூரை முறைப்படி இல்லை. "கொக்கட்டிச்சோலையில அவருட தமக்கைட வீடு இரிக்கி, அங்க போகலாம்" என்றார் ஒருவர். "மகளோட இரிக்கட்டும், படகை வித்துப்போடுங்க" என்றார் இன்னொருவர். அண்ணன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மனிதரின் நிலை புரிய வேண்டுமானால் படகின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அண்ணன் சரக்குக் கப்பல்களில் எஞ்சின் வேலை பார்த்தவர். அக்கா கச்சேரி என்னும் மாவட்ட அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராகக் கடமையாற்றியவர். வாழ்வின் பெரும்பகுதி அவர் கடலிலும் இவர் கரையிலுமாகக் கழிந்தது. அண்ணன் ஓய்வுபெற்று வந்த ஆண்டிலேயே துஷ்யந்திக்குத் திருமணம் நிச்சயமானது. வழமைப்படி வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். வீட்டைக் கொடுத்த பெற்றோர் அதே வளவின், வீட்டைச் சூழ்ந்த காணியின், ஒரு மூலையில் சிறு வீடு கட்டிக்கொண்டு ஒதுங்குவது இங்கு இயல்பு. மேசன் வந்து கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்த வேளையில், அக்கா கணவரிடம் கேட்டாராம்.

"இவ்வளவு காலம் கப்பலில போனீங்களே, எத்தினை தீவு கண்டீங்க?"

"எஞ்சின் அறைக்கு ஏது கா சன்னல்? ஒண்டும் காணல்ல."

"அப்ப மேசனை அனுப்பிப்போடுங்க."

இதனை அண்ணனே பலமுறை என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். திருகோணமலையில் வெளிநாட்டவர் ஒருவர் கைவிட்டுச் சென்ற பழைய பாய்ப்படகு ஒன்று கிடந்தது. அதனை வாங்கினார்கள். எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் பொறுப்பு அண்ணனுடையது. பாய் தைக்கும் பொறுப்பு தையல்காரியான என்னிடம் வந்தது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, வாசித்து வாசித்தே தமிழைக் கற்றவள் நான். பாய் தைப்பதையும் அவ்வாறே, பழைய பாயைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். வேலை முடிந்ததும், "இப்பாய் தங்களைத் திசையெங்கும் நலமுடன் கொண்டு சேர்ப்பதாக" என்று வாழ்த்தினேன். அக்கா மடிப்பை விரித்துப் பார்த்துவிட்டு, "உன்ட தமிழ் இந்தப் பாயை விட நீளமா இரிக்கி புள்ள. கொஞ்சம் வெட்டி எடுத்தா எங்களுக்கு ஒரு கொடியும் தைக்கலாம்" என்றார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

படகுக்கு அவர் இட்ட பெயர் 'வளவு'. காரணம் கேட்டபோது, "வீட்டைக் குடுத்திட்டன், வளவாவது பெரிசா இரிக்கட்டும். வேலி அடைக்கிற வேலையும் இல்லை" என்றார்.

புதுப் படகைக் கடலில் இறக்குவோர் முன்புறத்தில் தேங்காய் உடைப்பார்கள். அக்காவோ, இது வீடு என்று கூறிக் குடிபுகும் சடங்கையே நடத்தினார். முன்தட்டில் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினார். பால் பொங்கும் தருணத்தில் வாவி நீரோட்டம் படகை மெல்லத் திருப்பியது. கிழக்கே பொங்கியது என்றார்கள் சிலர். மேற்கே என்றார்கள் சிலர். சகுனம் பார்க்க வந்த அக்காவின் பெரியம்மா முகம் வாடி நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க பெரியம்மா. வள்ளம் கிறுகட்டும், கிழக்கால வந்திரும்" என்றார் அக்கா. சற்று நேரத்தில் படகு திரும்பியது. பெரியம்மாவும் திருப்தியுற்றார்.

முதற் பயணங்கள் வாகரை வரையிலும், திருகோணமலைப் புறாத்தீவு வரையிலும் அமைந்தன. அப்போதுதான் எவரும் எதிர்பாராத ஓர் இடர் எழுந்தது. அண்ணனுக்கு உறக்கம் வரவில்லை. எஞ்சினின் இரைச்சலுக்குள் ஆண்டுக்கணக்காய்த் தூங்கிய செவி, பாய் விரித்த படகின் அமைதியைத் தாங்கவில்லை. அக்கா ஒரு பித்தளைச் செம்புக்குள் அகப்பையை நிறுத்தி, அதை அவர் தலைமாட்டில் வைத்தார். படகு ஆடுந்தோறும் அது டொக் டொக் என்று அடித்தது. அண்ணன் குழந்தையைப் போல் உறங்கினார். அக்காவோ செவியில் பஞ்சு வைத்துக்கொண்டு சுக்கான் பிடித்தார்.

சுக்கான் எப்போதும் அக்காவிடமே இருந்தது. இதனால் அவர்களுக்கிடையே தீராத வழக்கொன்றும் இருந்தது.

"காத்து இரிக்கக்குள்ள எதுக்கு எஞ்சின்?" என்பார் அக்கா.

"எஞ்சின் இரிக்கக்குள்ள எதுக்குக் காத்து?" என்பார் அண்ணன்.

வாடைக்காற்றுத் தணியும் மாசி, பங்குனியில் முகத்துவாரத்தைக் கடந்து, தெற்கே சுற்றிக் காலிக்குப் போய், அங்கிருந்து மாலைதீவுக்குச் செல்வார்கள். ஒரு தீவில் இறங்குதுறை அதிகாரி, கப்டன் கையொப்பமிட வேண்டும் என்று அண்ணனிடம் தாளை நீட்டினாராம். அண்ணன் அக்காவைச் சுட்டிக் காட்டினார். அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. அத்தீவைச் சேர்ந்த பெண்ணொருத்தி, திருவனந்தபுரத்தில் வைத்தியம் பெற்றபோது அங்கிருந்த தமிழரோடு பழகிச் சிறிது தமிழ் அறிந்தவள், இடையில் வந்து விசாரித்தாள்.

"அப்ப நீங்க யார்?"

"நான் இவட வீட்டில இரிக்கிற ஆள்."

"வேலைக்கா?"

"ஓம், கல்யாணம் கட்டின நாள் தொட்டு."

அவள் இதனை மொழிபெயர்த்ததும் இறங்குதுறை முழுவதும் சிரித்ததாம். அன்று மாலை அவ்வூர்ப் பெண்கள் கூட்டமாக வந்து, படகின் அடுப்பையும் கட்டிலையும் சாமி படத்தையும் பார்த்துவிட்டு, இது வீடுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். தேங்காயும் மீனும் கொண்டு வந்தார்கள். அக்கா அவர்களுக்குப் புட்டவித்துக் கொடுத்தார். வெண்மணற் கரைகளையும் பவளப் பாறைகளையும் கண்டு வந்தவர்தான் அவர். எனினும் திரும்பி வந்து அவர் எங்களிடம் விரித்துரைத்தவை அந்தப் பெண்கள் எப்படிச் சமைத்தார்கள், எதற்குச் சண்டையிட்டார்கள், மருமகனை எங்கே உட்கார வைத்தார்கள் என்பனவே.

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றோடு அவர்கள் திரும்பும் காலத்தில் முகத்துவாரம் மூடிவிட்டிருக்கும். ஊர் கண்ணுக்குத் தெரியும், உள்ளே வர வழியிராது. ஆகவே வாழைச்சேனைத் துறைமுகத்தில் படகைக் கட்டிவிட்டு, மாசிக் கருவாட்டுப் பையை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வருவார்கள்; மாரியில் வாய் திறந்ததும் போய்ப் படகை உள்ளே கொண்டுவருவார்கள். ஒருமுறை பக்கத்து ஆசனத்தில் இருந்தவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று வினவ, அக்கா, "மாலைதீவில இருந்து" என்றாராம்.

"வாழைச்சேனையிலதானே ஏறினீங்க?"

"அது வீட்டை விட்ட இடம் தம்பி" என்றாராம் அக்கா.

இப்படி மகிழ்ந்திருந்த அவருக்கும் ஒரு கவலை இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் பாய் கிழிந்தபோது, பாசிக்குடாவுக்கு அப்பால் நின்ற படகிலேயே சென்று தங்கித் தைத்துக் கொடுத்தேன். நான் ஊசியும் நூலுமாய் இருக்க, அக்கா எனக்கெதிரே அமர்ந்து பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது சொன்னார்:

"எனக்குப் பிறகு இவருக்கு வீடில்லை புள்ள. துஷி நல்லவள், வாங்க எண்டுதான் சொல்லுவாள். ஆனா இவர் குடுத்த வீட்டில போய்க் கதிரை நுனியில இரிப்பார். அதை நினைச்சா எனக்குத் தாங்க ஒண்ணாம இரிக்கி."

உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அண்ணன் காதில் இது விழுந்தது. "அப்ப நான் முந்திப் போறன். பிரச்சினை முடிஞ்சுது" என்றார்.

"அதுக்கு முதல் அந்த வெங்காயத்தை முடிங்க" என்றார் அக்கா. பின்பு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "இவரை ஆரும் வீட்டை விட்டு வெளிக்கிடச் சொல்லப்படாது. எனக்கு அது மட்டும்தான்" என்றார். அவர் தமக்கென எதையும் வேண்டி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அவர் அஞ்சியவாறே ஆயிற்று. செத்தவீடு முடிந்தபின் துஷ்யந்தி தந்தைக்கென அறையொன்றை ஒழுங்குசெய்து, புதுப் பாய் தலையணை வாங்கி வைத்தாள். அண்ணன் அங்கே தங்கினார். நான் போகும்போதெல்லாம் கதிரையின் நுனியில்தான் அமர்ந்திருந்தார். தேநீர்க் குவளையைத் தாமே கழுவி வைப்பார். பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சி பார்க்கும்போது, தாம் மறைக்கிறோமோ என்று இடம் மாறி மாறி அமர்வார். சொந்த மகளின் வீட்டில் ஒரு விருந்தாளியாக அவர் தேய்ந்துகொண்டிருந்ததை நான் கண்டேன். மகளும் கண்டாள்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, உணவருந்தியபின், பெரியவர்கள் பழைய கேள்வியை மீண்டும் எடுத்தார்கள். படகை வாங்க ஆள் இருப்பதாகத் துஷ்யந்திக்கு மாமன் முறையான ஒருவர் சொன்னார். துஷ்யந்தி கழுவிய கையின் ஈரத்தோடு வந்து நின்றாள்.

"மாமா, வளவு இப்ப ஆருட?"

"உன்டதான் மகள். தாயிட ஆதனம் உனக்குத்தானே."

"அப்பா என்ட வீட்டில இரிக்கிறதுதான் முறை எண்டும் சொன்னீங்க."

"ஓம், அதுதானே முறை."

"அப்ப அவர் பாலமீன்மடுவில இரிக்கிற என்ட வீட்டில இரிக்கட்டும். அதை விக்கிறதும் விக்காததும் நான் பாத்துக்கொள்ளுவன்."

மாமா காத்துவந்த வழமையே அவருக்கு விடை சொல்லிவிட்டது. அண்ணன் எழுந்து உள்ளே சென்று, தம் பையை எடுத்துக்கொண்டு வந்தார். அது வந்த நாளில் கட்டியபடியே, அவிழ்க்கப்படாமல் இருந்தது. அதைக் கண்டுதான் துஷ்யந்தி அன்று அழுதாள்.

சென்ற ஞாயிறு நான் படகுக்குப் போயிருந்தேன். துஷ்யந்தியும் பிள்ளைகளும் காலையிலேயே வந்திருந்தார்கள். ஊறுகாய்ப் போத்தல்கள் இருந்த தட்டை வேறு பக்கம் மாற்றும்படி அவள் தந்தையைப் பணித்துக்கொண்டிருந்தாள். அவர் முணுமுணுத்தபடி மாற்றினார். பின்பு மெத்தையில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இவளும் பாருங்க கா, இதை அங்க வை, அதை இங்க வை எண்டு ஒரே கரைச்சல்."

அவர் குரலில் அவ்வளவு நாட்களுக்குப் பின் முதன்முறையாகப் பழைய நிறைவைக் கேட்டேன்.

பத்மாவதி அக்கா அவர்களே, நீளமான தமிழைத் தாங்கள் விரும்பமாட்டீர்கள் என்பதை அறிவேன். ஆகையால் தாங்கள் அறிய விரும்பும் ஒன்றை மட்டும் கூறி விடைபெறுகிறேன். அண்ணனை எவரும் வெளிக்கிடச் சொல்லவில்லை. அவர் வீட்டில்தான் இருக்கிறார்.