என் கோட்டுப் பையில் மூன்று கடவுச்சீட்டுகள்

ஆம்ஸ்டர்டாமில் நாங்கள் இருந்த ஐந்து நாளும் மூன்று கடவுச்சீட்டுகள் என் கோட்டின் உட்பையில் இருந்தன. ஒன்று என்னுடையது. மற்ற இரண்டையும், அந்த நகரத்தில் பையில் கை வைப்பவர்கள் அதிகம் என்று சொல்லி, விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டேன். நண்பர்கள் இருவரும் மறுபேச்சில்லாமல் தந்தார்கள். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில், காகிதம் சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் என்னிடம் மறுபேச்சு இருந்ததில்லை.

நான் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் சுற்றறிக்கைகள் எழுதி ஓய்வு பெற்றவன். யுத்த காலத்தில் கொழும்புத் தமிழனுக்குச் சோற்றுக்கு அடுத்தபடி தேவைப்பட்டது படிவம். வீட்டில் தங்குபவர்களைப் பொலிஸில் பதிவதற்கு எந்தப் படிவம், எத்தனை பிரதி, எந்த மேசை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த மேசைக்காரர் எத்தனை மணிக்குத் தேநீர் குடிக்க எழும்புவார் என்பதும் தெரியும். அதில் எனக்குப் பெருமை. அடுத்த வீட்டாரின் பயத்தில் வளர்ந்த பெருமை அது என்று அப்போது தோன்றவில்லை.

போனவர்கள் மூன்று பேர். நான், பின்னேரங்களில் என்னுடன் கடற்கரை ரயில் பாதையோரம் நடக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், காலி வீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பர். சுற்றறிக்கை எழுதியவன் என்பதால் என்னைச் 'சேர்குலர்' என்று கூப்பிடுபவர் இந்தத் துணிக்கடைக்காரர்தான். சாவதற்குள் செக்பொயின்ற் இல்லாத ஓர் ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று பயணத்தைத் தொடக்கி வைத்தவரும் அவரே. மூன்று விசா விண்ணப்பங்களையும் நான் நிரப்பினேன். மூவரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புவோம் என்று, யாரும் கேட்காமலே, ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

விமானத்தில் ஆசிரியர் என் பக்கம் சாய்ந்தார்.

"மூண்டாம் நாள் எனக்கு ஒரு பகல் வேணும் ஐசே. தங்கச்சியைப் பாக்கவேணும்."

அவரது தங்கை அந்த நாட்டில் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் ஒரு முகாமில் இருந்தார். அவர் வெளியே வர அனுமதி எடுக்க ஒரு கிழமையாகும். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துப் பதினொரு வருடம். இடையில் தாய் இறந்ததைத் தங்கைக்குத் தொலைபேசியில்தான் சொன்னார்கள்.

"பாப்பம்," என்றேன். மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவர்கள் சொல்கிற 'பாப்பம்'.

ஹோட்டல் அறைக்குப் போனதும் ஆசிரியர் பையைத் திறந்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். துவாய்க்கு அடியிலிருந்து ஒரு கோப்பும், கோப்பிலிருந்து ஒரு தாளின் கீழ்ப்பாதியும் வெளியே தெரிந்தன. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு. தகப்பன் பெயர், தகப்பன் பிறந்த ஊர், தொழில், கீழே சமாதான நீதவானின் முத்திரை. தகப்பன் பெயர் எனக்கு நன்றாகத் தெரிந்த பெயர். ஆசிரியருடைய முதலெழுத்தே அதுதான்.

நான் முடிவெடுக்க இவ்வளவு போதும். ஐந்து நாள் சுற்றுலாவுக்குப் பிறப்புப் பத்திரத்தை மொழிபெயர்த்துக் கொண்டுவருகிறவர் பூச்சந்தை பார்க்க வந்தவர் அல்ல. தங்கை ஒரு சாட்டு. மனிதர் இங்கேயே தங்கிவிட அசைலம் அடிக்கப் போகிறார். ஒன்றாகத் திரும்புவோம் என்ற கடிதத்தில் இருப்பது என் கையெழுத்து. அடுத்த வருடம் நான் விசா எடுத்து லண்டனில் மகனிடம் போகவேண்டும்.

அது சந்தோஷமான நகரம். கால்வாய்ப் பாலங்களில் பெட்டைகள் சைக்கிளின் பின்னால் பக்கவாட்டில் இருந்து கதைத்துக்கொண்டு போனார்கள். சதுக்கத்தில் ஒருவன் அக்கோடியன் வாசித்தான். சுற்றிநின்ற கூட்டத்தைக் கலைந்து போகும்படி யாரும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் பொலிஸ்காரர் ஒருவர் சைக்கிளில் எங்களைக் கடந்தார். நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் அடையாள அட்டைக்காக நெஞ்சில் கை வைத்தோம். அவர் வணக்கம் என்று நினைத்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

துணிக்கடைக்காரர் சிரித்தார். "என்ட பொக்கெட்டுல ஒண்டும் இல்லயே. எங்கட மூணு பேர்ட உசிரும் சேர்குலர்ட கோட்டுக்குள்ளதான் ஈக்கிது."

ஆசிரியரும் சிரித்தார். நான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை ஆசிரியர் சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டி, கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"பாஸ்போட்டைத் தாரும் ஐசே. எட்டரைக்கு ஒரு ரயில் இருக்காம்."

"அது சரிவராது. எங்களுக்குத் தந்தது குழு விசா. குழுவா வந்தவை குழுவாத்தான் நடமாடவேணும். ஒராள் பிரிஞ்சு வேற ஊருக்குப் போறதெண்டால் முன்கூட்டி அனுமதி எடுத்திருக்கவேணும்."

அப்படியொரு விதி இல்லை. எங்களிடம் குழு விசாவும் இல்லை, தனித்தனியாகத்தான் தந்திருந்தார்கள். ஆனால் முப்பத்தைந்து வருடம் சுற்றறிக்கை எழுதிய வாயிலிருந்து வந்ததால் அதற்கு ஓர் இலக்கமும் உபபிரிவும் இருப்பதுபோல் கேட்டது.

"அப்ப மூணு பேருமாப் போவோமே," என்றார் துணிக்கடைக்காரர். "தங்கச்சியப் பாக்கத்தானே போற. அதுக்கென்ன?"

"கூட்டமாப் போய் முகாமில நிண்டா அவவின்ர கேஸுக்குத்தான் பிழை வரும்."

ஆசிரியரின் முகம் அந்த இடத்தில்தான் மாறியது. தனக்கு வரக்கூடிய கரைச்சலுக்கு அவர் துணிந்திருப்பார். கடவுச்சீட்டு இல்லாமல் போக அவர் யோசிக்கக்கூட இல்லை. காகிதம் கையில் இல்லாமல் பாண் வாங்கக்கூடப் போகாத ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள்.

கீழே வரவேற்பு மேசைக்குப் பக்கத்திலிருந்த தொலைபேசியில் அவர் கதைத்தது நான் நின்ற மாடிப்படிவரை கேட்டது.

"இல்லைப் பிள்ளை, சட்டம் அப்பிடியாம். தெரிஞ்ச ஆள் சொல்லுறார்... அழாதை."

அன்று பகல் படகில் சுற்றினோம். ஆசிரியர் கழுத்துப்பட்டியைக் கழற்றாமல் வந்திருந்தார். வழிகாட்டிப் பெண் காட்டிய பக்கமெல்லாம் ஒழுங்காகத் திரும்பிப் பார்த்தார்.

நாலாம் நாள் காலை தபாலகத்துக்குப் போனோம். கோப்பைத் தங்கைக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்றார். படிவம் என்றால் நான்தானே. தாள்களை அடுக்கித் தரச் சொல்லிக் கோப்பை என்னிடம் தந்தார்.

மேலே அந்த மொழிபெயர்ப்பு. இந்தமுறை முழுத்தாளும் தெரிந்தது. பெயர், தங்கையுடையது. பால்: பெண். அண்ணனுக்கும் தங்கைக்கும் தகப்பன் பெயர் ஒன்று என்பதையும், அதனால் இருவருக்கும் முதலெழுத்தும் ஒன்று என்பதையும் யோசிக்கப் படிவ நிபுணனுக்கு நேரமிருக்கவில்லை. அடியில் தாயின் மரணச் சான்றிதழ். அதற்கடியில் தாயின் கடைசிப் படம், வெள்ளைத் தாளில் சுற்றி.

"கேஸுக்கு அவவின்ர பிறப்புப் பத்திரம் கேட்டவையாம்," என்றார் ஆசிரியர். "அம்மான்ர படத்தை மடிக்காமல் வையும்."

சுவர்க்கடிகாரத்தில் பத்து மணி பத்து நிமிடம். ரயில் அரைமணிக்கு ஒன்று. எங்கள் விமானம் அடுத்த நாள். பைக்குள் கைவிட்டுக் கடவுச்சீட்டை எடுத்துக் கொடுத்தால் போதும். பின்னேரத்துக்குள் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் அதைக் கொடுப்பதற்கு, நேற்றுச் சொன்ன விதி பொய் என்று சொல்லவேண்டும். நான் பேனையைத் திறந்து படிவத்தை நிரப்பினேன்.

"அனுப்புறவற்ற பாஸ்போட் நம்பரையும் எழுதிவிடும்," என்றார். "கேட்டாலும் எண்டு."

யாரும் கேட்கவில்லை. நான் அவருடைய கடவுச்சீட்டை வெளியே எடுத்தேன், இலக்கத்தைப் பார்த்து எழுதினேன், திரும்பப் பைக்குள் வைத்தேன்.

கொழும்பில் இறங்கியதும் அவரவருடையதை அவரவர் கையில் கொடுத்தேன். ஆசிரியர் நன்றி சொன்னார். நான் தடுத்திராவிட்டால் தங்கையின் கேஸ் கெட்டிருக்கும் என்று ஒழுங்கையில் நாலு வீட்டில் சொன்னதாகவும் அறிந்தேன். அதற்குப் பிறகு என் வீட்டுக்குப் படிவத்தோடு வருபவர்கள் கூடினார்கள்.

இரண்டு வருடம் கழித்துத் தங்கைக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. அவர் அண்ணனைக் கூப்பிட்டார். ஆசிரியர் விண்ணப்பத்தோடு வந்தார்.

"இந்தமுறை தனியப் போகலாமோ ஐசே? இல்லாட்டி இப்பவும் குழுவாத்தானோ?"

இரண்டாவது சந்தர்ப்பம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தது.

"தனியப் போகலாம்," என்றேன். "அந்தச் சட்டத்தை இப்ப எடுத்திட்டாங்கள்."

விண்ணப்பத்தைக் கட்டம் கட்டமாகப் பார்த்துக் கொடுத்தேன். ஒரு பிழையும் இல்லை. விசா மறுக்கப்பட்டது. தனியாகப் போகிறவர் திரும்பி வருவார் என்பதற்குப் போதிய உறுதி இல்லையாம். மறுப்புக் கடிதத்தை ஆசிரியர் என்னிடம்தான் கொண்டுவந்தார். நான் வாசித்து முடிக்கும்வரை வாசல் கதிரையில் இருந்தார்.

"நீர் அண்டைக்குச் சொன்னது சரி ஐசே," என்றார். "கூட்டமாப் போனாத்தான் விடுவாங்கள்."

"ஓம்," என்றேன்.