சட்டி குடித்த குழம்பு

அருங்காட்சியக ஆய்வகத்தில் பழங்காலப் பானையோட்டைச் சோதித்தால் மீன் கொழுப்பு. மேசையில் திறந்திருந்த என் டிபன் பாக்ஸிலும் மீன்குழம்பு. குழம்பு ஒட்டிய என் கைபட்டுத்தான் ஓடு கெட்டதென்று நினைத்துவிட்டேன். மனசுக்குள் ராஜினாமாக் கடிதம்கூட எழுதிவிட்டேன்.

அந்த வாசனையில் விருத்தாசலத்து அடுப்படி வந்து நின்றது. பீங்கான் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, "குழம்ப இந்தப் பீங்கான்ல ஊத்தி வையி, வாசமே ஒட்டாது" என்பார்.

"ஒட்டாததுல என்னங்க இருக்குது? மண்சட்டி குடிச்சு வெச்ச பழைய குழம்புதான் புதுசுக்கு ருசி குடுக்குது" என்பார் அம்மா. அப்பா இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார்.

ஓட்டின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, என் விரல் எட்டாத உள்மண்ணைச் சோதித்தேன். அங்கேயும் மீன். எந்தக் காலத்து மகராசியோ, ஓட்டின் நடுவரை குழம்பை ஊறவிட்டு என் வேலையைக் காப்பாற்றியிருக்கிறாள்.