பக்கத்தில் இருக்கும் சாதனங்கள்

பிரிண்ட் அக்காவின் கவுண்டர் முன்னால் நின்று போனைத் திறந்தால் தெருவின் பாதி வண்டவாளம் திரையில் வரும். எதிர்வரிசைப் பல் டாக்டரின் டேப்லெட், மாடியில் டியூஷன் எடுக்கும் டீச்சரின் லேப்டாப், 'தொட்டால் கெட்டாய்' என்று பெயர் சூட்டிக்கொண்ட ஏதோ ஒரு போன். 'பக்கத்தில் இருக்கும் சாதனங்கள்' என்று தலைப்புப் போட்டு எல்லாம் வரிசை கட்டி நிற்கும். அதில் 'கவுண்டர் 1' என்பதைத் தொட்டால் உங்கள் கோப்பு அக்காவின் கம்ப்யூட்டர் வாசலில் வந்து காத்திருக்கும். அவள் 'ஏற்கவும்' என்று அமுக்கினால்தான் உள்ளே நுழையும். வயர் வேண்டாம், நெட் வேண்டாம், நம்பர் வேண்டாம். இவ்வளவு மரியாதையான விருந்தாளி மனித இனத்தில் கிடையாது.

அக்காவுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. ஒரு கல்யாணம் ஆகி, ஆகாததற்குச் சமமாக முடிந்துபோனவள். முடிந்தபிறகு அம்மா வீட்டுக்கும் கடைக்குமாக நடந்ததில் ஒரு காலம் ஓடியிருந்தது. பேப்பர் சிக்கினால் மெஷினின் வயிற்றுக்குள் கைவிட்டு, கிழியாமல் இழுப்பாள். வாடிக்கையாளர் சிக்கினாலும் அப்படித்தான்.

டிரைவிங் மாஸ்டர் முதலில் வந்தது பென்டிரைவோடு. அந்தப் பென்டிரைவில் ஊரில் உள்ள வைரஸ் எல்லாம் கூட்டுக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்ததால், கடை ஒரு நாள் முழுக்கப் படுத்துவிட்டது. மறுநாளே முதலாளி பென்டிரைவுக்குத் தடை போட்டார். மாஸ்டருக்குப் போனிலிருந்து அனுப்பக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு அக்காவின் தலையில் விழுந்தது.

"இந்தப் பேரைத் தொடுங்க மாஸ்டர். தொட்டுட்டு சும்மா நில்லுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. வந்துடும்."

மாஸ்டர் சும்மா நிற்கிறவர் இல்லை. காலமெல்லாம் பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இன்னொருவர் தப்புக்கு பிரேக் போட்டவர். கடையில் யாராவது வேகமாகத் திரும்பினாலும் அவர் வலது கால் தரையை அழுத்தும். கோப்பு போனிலிருந்து கிளம்பி, நேர்கோட்டில், நெஞ்சு உயரத்தில் பறந்து போகிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நடுவில் யாராவது நின்றால் விடமாட்டார்.

"சார், கொஞ்சம் ஓரமா வாங்க. என் ஃபைல் போயிட்டு இருக்கு."

சாரும் குனிந்து ஒதுங்குவார். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு வக்கீல்கூட ஒதுங்கியிருக்கிறார். அதெல்லாம் சுவரையே தாண்டிப் போகும் என்று அக்கா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தன்னிடம் ஒரு பொருள் வந்து சேர்வது அவளுக்குப் புதுசு.

மாஸ்டரிடம் அச்சடிக்க வேண்டியது ஏராளம் இருந்தது. சாலைக் குறியீட்டுப் படங்கள் மட்டுமே ஒரு கட்டு. அதைத் தினம் ஒன்றாக அனுப்பினார். இன்று 'வளைவு', நாளை 'பாலம் குறுகலானது', அதற்கு மறுநாள் 'கால்நடைகள்'.

பக்கத்து மேஜையில் புத்தகங்களுக்குக் கம்பிச்சுருள் கோக்கும் பெண்ணை எல்லோரும் ஸ்பைரல் என்றே கூப்பிடுவார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை. "மாஸ்டர், எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஒரே தடவையா அனுப்பலாம், தெரியுமா?"

அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் பத்துத் தாளைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்துவிடலாம்.

"ஒரே தடவையா அனுப்பினா போன் சூடாகுமே?" என்றார் மாஸ்டர்.

"ஆகும் ஆகும்," என்றாள் அக்கா.

அவர் போனபிறகு ஸ்பைரல் சிரித்தாள். "போன் சூடாகுதோ இல்லையோ, இங்க ஒரு காது சிவந்து கிடக்கு."

"நீ ஓட்டையை நேரா போடு."

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் முதலாளி முன்னேற்றத்தைக் கொண்டுவந்தார். முன்னேற்றம் எப்போதும் ஒரு போஸ்டராகத்தான் வரும். 'இனி நேரில் வர வேண்டாம்! லிங்க்கில் அனுப்புங்கள், அச்சடித்து வீட்டுக்கே கொண்டுவருவோம்!' கீழே கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் கோடு. வாசலில் ஒட்டச் சொன்னார். அக்கா அதை லேமினேஷன் மெஷினுக்குப் பின்னால் ஒட்டினாள். முதலாளி பிய்த்தெடுத்துக் கவுண்டர் முகப்பிலேயே ஒட்டினார்.

அன்று மாஸ்டர் வந்தார். 'முந்தாதே' அனுப்பினார். போஸ்டரைப் பார்த்ததும் குழந்தைபோல முகம் மலர்ந்து, "அட, உங்க கடைக்கு இவ்வளவு வசதி வந்துடுச்சா?" என்று அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். அக்கா தலையசைத்தாள். வேறென்ன செய்ய? போகாதீர்கள் என்பதற்கு அந்த மூட்டை மூட்டையான படங்களில் ஒரு குறியீடும் இல்லை.

மறுநாள் லிங்க்கில் டிரைவிங் ஸ்கூலிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. மிச்சமிருந்த படங்கள் எல்லாம், மொத்தமாக, ஒரே தடவையில். வீட்டு டெலிவரி. அக்கா அச்சடித்துக் கட்டி ஓரமாக வைத்தாள். அதன்பிறகு மாஸ்டர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

கவுண்டரில் யார் அனுப்பினாலும் அவள் முதலில் பெயரைப் பார்த்தாள். 'மாஸ்டர் போன்' என்பது அதில் இல்லை. பக்கத்தில் இருந்தால்தானே காட்டும்.

"போன் பண்ணிக் கேளேன்," என்றாள் ஸ்பைரல்.

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. இத்தனை நாள் இத்தனை கோப்பு வந்திருக்கிறது, நம்பர் இல்லை. இந்த வித்தைக்கு நம்பரே தேவைப்படவில்லை, அதனால் யாரும் கேட்கவில்லை. ஆர்டரில் இருந்தது டிரைவிங் ஸ்கூலின் ஆபீஸ் நம்பர். ஸ்பைரல் டீ வாங்கப் போன சமயம் பார்த்து, கடை லேண்ட்லைனில் அடித்தாள். ஒரு பெண்குரல் எடுத்தது.

"சொல்லுங்க, கார் கத்துக்கணுமா, ஸ்கூட்டரா?"

"ஸ்கூட்டர்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள் அக்கா. ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளும் ஆசை அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

மறு வாரம் ஒரு மதியம். கடையில் கூட்டமில்லை. கம்ப்யூட்டர் டிங் என்றது. 'மாஸ்டர் போன் ஒரு படத்தைப் பகிர விரும்புகிறது.' அக்கா நிமிர்ந்தாள். அவர் கடைவாசல் படிக்கட்டுக்குக் கீழேயே நின்றிருந்தார், மேலே வரலாமா என்று கேட்பதுபோல. அவள் 'ஏற்கவும்' அமுக்கினாள். மேலே வந்தார்.

திரையில் படம் விரிந்தது. வெள்ளைத்தாள். போட்டோ எடுத்ததில் வெள்ளையும் சாம்பலாகி, ஒரு மூலையில் அவர் கட்டைவிரலும் விழுந்திருந்தது.

"மாஸ்டர், இதுல ஒண்ணும் இல்லையே."

"ஆமாங்க."

"காலித்தாளை எதுக்கு பிரிண்ட் எடுக்கணும்?"

மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது. "அந்த லிங்க்கை நான்தான் ஆபீஸ்ல பெருமையா காட்டினேன். இப்ப எல்லாத்தையும் அங்க போன் எடுக்கிற பொண்ணே உட்கார்ந்த இடத்துலேருந்து அனுப்பிடுது. எனக்குன்னு அனுப்ப ஒண்ணும் மிச்சமில்ல. சும்மா எப்படி வர்றது? அதான்... இருந்ததை எடுத்தேன்."

ஸ்பைரலின் மெஷின் நின்றுவிட்டது. கம்பிச்சுருளைக் கையில் பிடித்தபடி சுவரை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை காப்பி?" என்று கேட்டாள் அக்கா. குரல் வழக்கம்போல இருக்கட்டும் என்றுதான் கேட்டாள். இல்லை.

"ஒண்ணு போதும்."

மெஷின் கடகடத்து, சாம்பல் நிறத் தாளை வெளியே தள்ளியது. விரல் நன்றாகவே விழுந்திருந்தது. அக்கா அதைக் கவுண்டரில் வைத்துப் பேனாவை எடுத்தாள். விரலுக்குக் கொஞ்சம் தள்ளி, தன் நம்பரை எழுதி, அவர் பக்கமாகத் திருப்பினாள்.

"அடுத்த தடவை அனுப்ப ஒண்ணும் இல்லன்னா இதுல கூப்பிடுங்க. ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க. போதும்."

மாஸ்டர் தாளைப் பார்த்துப் பார்த்து நம்பரைப் போனில் ஏற்றினார். நடுவில் நிமிர்ந்தார்.

"பேரு கேக்குது. என்னன்னு போடட்டும்?"

அக்கா சொன்னாள். அதைக் கடையில் யாரும் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

"இதா உன் பேரு?" என்றாள் ஸ்பைரல் சுவரைப் பார்த்தபடியே.

"நீ வேலையைப் பாரு."

மேஜைக்கு அடியில், கைப்பைக்குள், அக்காவின் போன் அடித்தது. தெரியாத நம்பர். எதிரில் மாஸ்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, கவுண்டருக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தார். அக்கா போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லைங்க," என்றார் மாஸ்டர்.