நிற்கச் சொல்லியும் நிற்காத ரத்தம்

எனக்கு எழுத வராது. ஐந்தாவது வரை படித்தேன். அதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன். மறதியும் வந்துவிட்டது. முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் யாராவது கேட்டால் எனக்கு வாய் திறக்காது. காகிதத்துக்கு முகம் இல்லை என்பதால் எழுதுகிறேன். வீட்டில் ஒருவருக்கு லுகேமியா (ரத்தப் புற்று) என்று கேட்டுவிட்டு வந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக.

என் வீட்டுக்காரரின் நோயைக் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. தங்கச் சுரங்கத்து வாசலில் திருட்டைப் பிடிக்க நிறுத்தியிருந்த காவல்காரர்.

என் பெரிய மகள் மூன்றாவது படித்த வருடம், அறுபத்தைந்தோ அறுபத்தாறோ. அவருக்கு ஷாப்டில் (சுரங்கத்துக்குள் நேராக இறங்கும் ஆழக் குழி) மணி அடிக்கிற வேலை. கேஜ் (ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு) எப்போது நகரவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்று மேலே இயந்திரம் ஓட்டும் டிரைவருக்கு மணியால் சொல்லவேண்டும். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். அன்றைக்கு இடது விலாவுக்குக் கீழே காவல்காரர் கைக்குக் கல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது.

"இன்னாய்யா இது? எட்து வெளிய வை."

"வயிறுதாங்க."

"வயிறு இப்டியா கீது? கழட்டு சட்டைய."

எல்லார் முன்னாலும் கழற்றினார். அந்த ஆள் அழுத்தினார், கிள்ளினார், இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். தோலுக்கு உள்ளேதான் இருக்கிறது என்று புரிந்ததும், "போ, போயி டாக்டராண்ட காட்டு" என்றார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லவேண்டும் என்பாள் என் மகள். நான் சொல்லவில்லை. தினமும் பக்கத்தில் படுத்தவள் நான், தொப்பை விழுகிறது என்று நினைத்துச் சோற்றைக் குறைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன்.

மண்ணீரல் (வயிற்றின் இடது பக்கம் இருக்கும், ரத்தத்தைச் சுத்தம் செய்கிற உறுப்பு) வீங்கியிருந்தது. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகியிருந்தன. மாத்திரையால் அடக்கலாம், குணமாக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அதையும் அவரிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அவருடைய அண்ணனிடம் சொன்னார். அண்ணன் வந்து தம்பியிடம் "சத்துக் கொறைவுடா" என்றார். மூன்றே நாளில் நாங்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் பக்கம் எல்லா வீட்டுக்கும் விஷயம் தெரியும், அவர் ஒருவரைத் தவிர.

பிறகு பார்க்க வந்தார்கள். காரணம் தெரியாதவர் ஒருவர்கூட வரவில்லை. ஆண்டர்சன்பேட்டை துணிக்கடைக்காரர் மனைவி சுரங்கச் சூடு என்றாள். அண்ணன் குலதெய்வக் குற்றம் என்றார். எதிர் வீட்டுக்காரி, என் கால் பட்ட நேரம் என்றாள். என் கால் பட்டுப் பதினாலு வருடம் ஆகியிருந்தது. வாங்கி வந்த பிஸ்கட்டைத் தாங்களே பிரித்துத் தின்றுகொண்டு சொன்னார்கள். உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். காப்பி கொடுத்து அனுப்புங்கள்.

மாதம் ஒருமுறை இன்னொருவரும் வந்தார். பெங்களூரில் ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் இந்த நோயை ஆராய்கிற டாக்டர். காலை ரயிலில் பங்காருபேட்டை வந்து வண்டி மாறி, ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு வருவார். "எப்படி இருக்கீங்க" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் ஊசியை எடுப்பார். ரத்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாரே ஒழிய, அது யாருடைய கையிலிருந்து வந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னால் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவருக்கு மட்டும் காப்பி போட்டதில்லை.

ஒருநாள் என் வீட்டுக்காரர் கேட்டார். "சார், எனக்கு சத்துக் கொறைவுதானே?"

"யார் சொன்னது? ரத்தப் புற்று." பஞ்சை அழுத்திக்கொண்டே சொன்னார் அந்த மனிதர். அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

என் வீட்டுக்காரர் அண்ணனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது உள்ள இன்னா சார் பண்ணுது?"

"உடம்புல ஒரு செல்லுக்கு (உயிரணு) மத்த செல்லுங்க சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். பெருகு, போதும், நில்லுன்னு. உங்க வெள்ளை அணுக்கள் நில்லுன்னா நிக்கல. அதைத்தான் ஆராய்ச்சி பண்றேன்."

"மணி அடிக்கலியா, அடிச்சும் டிரைவரு நிறுத்தலியா?"

"என்னது?"

"ஓடற கேஜுக்கு ஒரு மணி அடிச்சா நிக்கணும் சார். நிக்கலன்னா ரெண்டு தப்பு கீது. பெல்லுக்காரன் அடிக்கல. இல்லாங்காட்டி அடிச்சான், டிரைவரு நிறுத்தல. ரெண்டும் வேற வேற. என்கொயரில மொதல்ல அதத்தான் கேப்பாங்க. நீங்க எதப் பாக்கறீங்க?"

டாக்டர் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். "அதை நான் இன்னும் தனியாப் பிரிச்சுப் பாக்கல" என்றார்.

அதற்குள் ஒரு வருட ரத்தம் போயிருந்தது. மூன்றாவது வரைதான் படித்த என் வீட்டுக்காரர் கேட்ட பிறகுதான் அத்தனை படித்தவருக்குக் கேள்வியே கிடைத்தது. அந்த டாக்டர்மேல் எனக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போயிற்று. என் வீட்டுக்காரருக்கோ அன்றிலிருந்து அது ஒன்றுதான் தெரிந்தாகவேண்டும்.

மாத்திரை வேலை செய்தது. மண்ணீரலை விலாவுக்குக் கீழே எத்தனை விரல் என்று அளப்பார்கள். ஐந்து விரல், மூன்று, ஒன்று. அந்த வருடங்களை நான் மாதங்களாக நினைவில் வைக்கவில்லை, விரல்களாகத்தான் வைத்திருக்கிறேன். மாத்திரையால் தோல் கறுத்தது. "அண்டர்கிரவுண்டுல எவன் பாக்கப் போறான்" என்று சிரித்தார். பிறகு மாத்திரை கேட்கவில்லை. நான்கு விரல், ஆறு விரல். காய்ச்சல், ஈறில் ரத்தம்.

அப்போது டாக்டர் மஜ்ஜை (எலும்புக்குள்ளே ரத்தம் உண்டாகிற மெத்தென்ற சதை) வேண்டும் என்றார். மார்பெலும்பில் ஊசி போட்டு எடுக்கவேண்டும், பெங்களூருக்கு வரவேண்டும். அதனால் நோய்க்கு ஒரு பலனும் இல்லை என்பதையும் அவரே சொன்னார். நான் கதவை விட்டு வெளியே வந்தேன். அந்நிய ஆண் முன்னால் நான் பேசிய முதல் பேச்சு அது. "வேணாங்க. இருக்கறவரைக்கும் வூட்டுல இருக்கட்டும். உட்ருங்க."

என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "ஏம்மே, ஆக்சிடெண்டு ஆனா இன்ஸ்பெக்டரு வந்து பாக்காம அந்த எடத்த மூட மாட்டாங்க. என்னுத மட்டும் என்கொயரி இல்லாம மூடணுமா?"

போனோம். ஊசி எலும்பில் இறங்கும்போது, "டிரில்லு போடறீங்க, ரீஃப் மாட்டிச்சா சார்?" என்று கேட்டார். ரீஃப் என்றால் தங்கம் ஓடும் பாறை. டாக்டர் சிரிக்கவில்லை. அவர் குனிந்தபோது சட்டைப் பொத்தானுக்கு நடுவே, அதே இடத்தில், பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவருடைய மஜ்ஜை தேவை. தன்னுடையதையே எடுக்கச் செய்திருக்கிறார். அந்தப் பஞ்சைப் பார்த்தும் என் வெறுப்பு போய்விடவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

எடுத்த மஜ்ஜையைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்க்க இரண்டு வாரம் ஆகும் என்றார். இரண்டு வாரம் இவர் இருப்பாரா என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, தினமும் காலை ரயில் வந்துவிட்டதா என்று கேட்பார்.

பதினேழாம் நாள் டாக்டர் வந்தார். பிளாஸ்க் இல்லை. கட்டில் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நில்லுங்கற ஒரே சேதியை ரெண்டு தட்டுக்கும் கொடுத்தேன். என்னோட செல் நின்னுச்சு. உங்களோடது நிக்கல."

"அப்ப மணி அடிச்சிருக்கு."

"அடிச்சிருக்கு. இது ஒரு ஆளுகிட்ட ஒரு தடவை பாத்தது. இதை வச்சு எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்ல முடியாது."

"பெல்லுக்காரன் மேல தப்பில்ல."

"இல்லைங்க."

"டிரைவரு ஏன் நிறுத்தல?"

"தெரியலைங்க."

"பாருங்க சார். உடாதீங்க."

என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. சாகப்போகிற மனிதருக்குத் தன் உடம்புக்குள் இருக்கும் பெல்லுக்காரன் குற்றவாளி இல்லை என்பதில் என்ன சந்தோஷம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அன்றைக்கு டாக்டருக்கு ஆஸ்பத்திரி வாசலில் காப்பி வாங்கிக் கொடுத்தேன். மூன்று வருடத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி வந்தவர்களில் தெரியவில்லை என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

இரண்டாம் நாள் என் வீட்டுக்காரர் போய்விட்டார். எடுத்துப்போகும் முன்பே அண்ணன், மஜ்ஜையை எடுத்ததால்தான் போனான் என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

போன மாதம் அரிவாள்மணையில் விரலை வெட்டிக்கொண்டேன். அது ஆறிய ஒன்பது நாளும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு ஓரமும் வளர்ந்து, நடுவில் ஒட்டி, மேலே ஒரு மயிரிழைகூடப் போகாமல் நின்றுகொண்டது. எதுவோ போதும் என்று சொல்லியிருக்கிறது, தோலும் கேட்டிருக்கிறது. இத்தனை வருடமாக எனக்குள்ளே நிமிடத்துக்கு நிமிடம் இது நடந்திருக்கிறது. இப்போது ஒரு நாள் சும்மா கழிந்தாலும் அது சும்மா கழிந்ததாக எனக்குத் தோன்றுவதில்லை. நல்ல சுகத்தோடு இருப்பவர்கள், தாங்களே ஏதோ சாதித்து அப்படி இருப்பதுபோலப் பேசும்போதுதான் சிரிப்பு வருகிறது.

வருடம், கேஜுக்கு மணி அடிக்கிற கணக்கு, தட்டில் வளர்த்த விவரம் எல்லாம் தப்பாக இருக்கலாம். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்தித் தாருங்கள். தெரியாதவர்கள் தயவுசெய்து திருத்தவேண்டாம்.