தொம்மலூரில் ஒரு தப்புக் கணக்கு டியூஷன்

டியூஷன் எடுப்பவனுக்குப் பாடம் தெரிந்தால் போதாது, தொண்டையும் வேண்டும். எனக்கு இரண்டுமே அரைகுறை. தொண்ணூறுகளின் கடைசியில், டிகிரி முடித்து வேலை தேடிய நாட்களில், பெங்களூர் தொம்மலூர் வீட்டு முன்னறையில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினேன். நீங்களும் எங்கேயாவது சாக்பீஸ் பிடித்தவர் என்றால் மேலே படியுங்கள், ஆறுதலாக இருக்கும்.

சத்தமே இல்லை

செல்வி என்றொரு மாணவி சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவள் அம்மா ஜன்னலில் வந்து நின்றார். உள்ளே எட்டுப் பேர் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை. அவருக்கு முகம் சுண்டிப்போனது.

"என்ன மேஷ்ட்ரே, அரை மணியா நிக்கிறேன், ஒரு பிரம்படிச் சத்தம்கூட கேக்கல. பாடம் நடக்குதா இல்லையா?"

மாமன் மகன்

செல்விக்கு வீட்டுக் கணக்கெல்லாம் சரியாக வரும். பரீட்சை என்று ஒரு தாளை நீட்டினால் விரல் வியர்த்துவிடும். அரைப்பரீட்சையில் நூற்றுக்குப் பதினொன்று. பொதுத்தேர்விலும் ஃபெயிலானால் அக்காவோடு கார்மெண்ட்ஸ் வேலைக்கு என்று அவள் அப்பா முடிவே செய்துவிட்டார். ரோஷம் வரட்டும் என்று, பிரேசர் டவுன் மாமன் மகன் வாங்கிய மார்க்கைத் தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறினார்கள். பலன் உண்டா என்று செல்வியிடம் கேட்டேன்.

"அவன் மார்க்கு எல்லா சப்ஜெக்ட்லயும் மனப்பாடம் சார். ஃபார்முலாதான் ஏறல."

மூடாத முக்கோணம்

தைரியம் பற்றி நான் செய்த பிரசங்கத்தில் இரண்டு பேர் தூங்கினார்கள். அடுத்த ஞாயிறு டெஸ்டுக்கு அவசரமாகக் கேள்வி எழுதி ஜெராக்ஸ் போட்டேன்: மூன்று, நான்கு, எட்டு சென்டிமீட்டர் பக்கங்கள் கொண்ட முக்கோணம் வரைக. ஏழு பேர் எப்படியோ வரைந்துவிட்டார்கள், என் மேல் அவ்வளவு பக்தி! செல்வி மட்டும் காம்பஸை மூன்று தரம் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"சார், இது மூடவே மூடாது. நீங்களும் தப்பு பண்ணுவீங்களா?"

தப்பு வேட்டை

அன்று அவள் போட்ட மீதிக் கணக்கு அத்தனையும் சரி. பிறகு மானத்தை விட்டு, ஒவ்வொரு டெஸ்டிலும் ஒரு தப்பு வைத்தேன். பல தடவை நான் வைக்காமலே இருந்தது. தப்பைத் தேடக் கணக்கைப் போட்டுப் பார்த்தாக வேண்டுமே, அந்த மும்முரத்தில் அவளுக்குப் பயப்பட நேரமில்லை. பொதுத்தேர்வு அன்று பள்ளி வாசலில் அவள் அம்மாவோடு நின்றேன். எனக்குத்தான் விரல் வியர்த்தது. கடைசியில் செல்வி வெளியே வந்தாள், கொஞ்சம் ஏமாற்றமாக.

"ரெண்டு தரம் தேடினேன் சார், ஒரு தப்புகூட இல்ல. யாரோ நல்லா படிச்சவங்க போட்ட பேப்பர்."

ஐம்பத்தெட்டு வாங்கி, கார்மெண்ட்ஸுக்குப் போகாமல் அவள் மேலே பி.யு.சி. படிக்கச் சேர்ந்துவிட்டதால், மாணவர் மனப்பயத்துக்கு மேஷ்டரின் மக்குத்தனமே மருந்து என்று துணிந்து சொல்கிறேன்.