எறியாத பதக்கம்

கதிராமனுக்கு உட்காரக் கதிரை போட்டவர்கள் அவருக்காகப் போடவில்லை. நெஞ்சில் குத்தியிருந்த பதக்கத்துக்காகப் போட்டார்கள். மாங்கேணிக் கரையில் வேடர் குடியில் பிறந்தவர் அவர். இருபது வயதில் வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் சேர்ந்து, திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று காயக்காரர்களைத் தோளில் சுமந்தவர். சண்டை முடிந்ததும் ராஜாவின் தலை பொறித்த பதக்கமொன்றைக் கையில் கொடுத்து, போய் வா என்று அனுப்பிவிட்டார்கள். அதைக் குத்திக்கொண்டு செங்கலடிச் சந்தைக்குப் போனால், "வேடன்" என்று இளக்காரமாகக் கூப்பிடும் வாய்களும் "வாங்க கதிராமன், இருங்க" என்றன. மனிதருக்கு அது போதுமாயிருந்தது.

பெண்சாதி இளமையில் செத்துப்போனாள். மகள் பத்தினிப்பிள்ளைக்குப் பேன் பார்த்து, எண்ணெய் வைத்து, தலை வாரிவிட்ட ஆண்பிள்ளை அந்தக் குடியில் அவர் ஒருவர்தான். காட்டில் தேன் எடுத்தால் முதல் தேன்வதை அவளுக்கு. அவளுடைய தம்பி நாகமணி அழுதாலும் அப்படித்தான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆமிக்காரர்கள் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். பட்டாளத்துப் பதக்கம் ஒரு தமிழன் வீட்டில் இருந்தால் ஆமிக்காரனும் கேட்பான், இயக்கத்துப் பொடியன்களும் கேட்பார்கள். எந்தக் காலத்து, எந்த ராஜாவின் பட்டாளம் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ள அந்த நாளில் யாருக்குப் பொறுமை? பத்தினிப்பிள்ளை அதை ஒரு தகரப் பால்மா ரின்னில் போட்டு, கடற்கரைப் பக்கம் தாழை மரத்தடியில் புதைத்தாள். தகப்பனுக்கு உண்மையைச் சொன்னால் அடுத்த கிழமையே தோண்டிக் குத்திக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று பயந்தாள்.

"களப்புத் தண்ணிக்க எறிஞ்சிட்டன் அப்பா. உங்கட உசிரவிட அது பெரிசா?"

அவர் சட்டையில் பதக்கம் குத்தும் இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"சரி புள்ள. நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. செங்கலடிக்குப் போவதையும் விட்டுவிட்டார்.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் வந்தது. எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இன்னும் கொஞ்சம் உறுதியாகட்டும் என்று தள்ளிப்போட்டாள். தைப்பொங்கலுக்குக் கொடுப்போம் என்று அவள் முடிவெடுத்த இரண்டாயிரத்து நாலாம் வருசம், மார்கழிப் பறுவ நிலா நாளன்று கடல் ஏறி வந்தது. மூன்று பேரும் காட்டுப்பக்கம் ஓடித் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடில்லை, தாழையில்லை, கரையே வேறு இடத்தில் இருந்தது. மூன்று நாள் தனியாகத் தோண்டினாள். இனிச் சொல்லி என்ன பயன் என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த மௌனத்துக்கு அவள் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

இரண்டு வருசத்தில் ஷெல்லடி. ஊரே காட்டுவழியாக ஓடியது. அகதி முகாமின் தறப்பாள் கூடாரத்துக்குள், மகளின் மடியில் தலைவைத்தபடி கதிராமன் கண்ணை மூடினார்.

சண்டையெல்லாம் ஓய்ந்த வருசம் ஊர் திரும்பி, மூத்தோருக்குச் சடங்கு வைத்தார்கள். செத்தவர் தன் குடும்பத்தில் ஒருவர் மேல் உரு ஏறி வருவார். மனக்குறை உள்ளவர்கள் முன்னால் போய்ச் சொல்ல, அவர் அருள்வாக்காகக் கட்டுச் சொல்வார். அன்று பின்னேரம் வேப்பங்கொத்துப் பந்தலில் கதிராமன் நாகமணியின் மேல் வந்து ஆடினார். பத்தினிப்பிள்ளை கைகூப்பிக்கொண்டு போய் நின்றாள்.

"அப்பா, உங்கட பதக்கத்த நான் களப்புக்க எறியல்ல. பொய் சொன்னன். மண்ணுக்க தாட்டு வெச்சிருந்தன். கடல் கொண்டுபோயிட்டு."

ஆட்டம் சட்டென்று நின்றது. நாகமணியின் உடம்பு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கேட்டது தம்பியின் குரல்.

"அப்ப, நீ அத எறியல்லையாக்கா?"

"இல்லடா."

"பதினாறு வருசம்! களப்புல தண்ணி வத்துற நேரமெல்லாம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேத்துக்க காலால தடவித் தேடினவர். 'அக்காட்டச் சொல்லிடாத மனே, அவள் மனம் நொந்துபோயிடுவாள்' எண்டவர்."

"கடைசியா எப்படா தேடினவர்?"

"ஷெல்லடிக்கு ஓடினமே, அண்டைக்குக் காலமையும்."

அந்தக் காலை அவளுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்ற தகப்பனை, "எங்க போய்த் துலைஞ்ச நீங்க, அறிவில்லையா?" என்று எல்லோர் முன்னாலும் ஏசியிருந்தாள். அவர் காலைக் கழுவிவிட்டு, அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டு நடந்தார்.