ச்சேஃப் ஹாலக், யாபா?

ரஜாயி கஅதான் மேடையில் பேசிய முதல் காதல் வசனத்திலேயே கதாநாயகியை நாய் என்று அழைத்துவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. அரபியில் இதயமும் நாயும் கிட்டத்தட்ட ஒரே சொல்தான்; ரமல்லா நகரத்து வாயில் இதயம் அடித்தொண்டையில் தொடங்கும், நாய் 'க'வில் தொடங்கும். ரஜாயியின் கிராமத்து வாயிலோ அடித்தொண்டை எழுத்து 'க' ஆகிவிடும், 'க' எல்லாம் 'ச்ச' ஆகிவிடும். "என் இதயமே" என்று அவர் உருகினார். அரங்கத்தின் காதில் "என் நாயே" என்று விழுந்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கதாநாயகியே முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினாள்.

அந்தச் சிரிப்புதான் பல வருடம் அவருக்குச் சோறு போட்டது. கழுதைக்காரன், மாப்பிள்ளைத் தோழன், ஊர்ப் பெரியவரின் அசட்டு மைத்துனன் என்று வேடங்கள் வந்தபடி இருந்தன. வேனில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். ரொட்டிக் கடை வரிசையில் நின்றால்கூட விடமாட்டார்கள்.

"ரஜாயி, வீட்டுல பொண்டாட்டிய எப்படிக் கொஞ்சுவே? ஒரு தடவை சொல்லேன்!"

"கொஞ்சினா கடிச்சிடுவா. அதான் வாயே திறக்கிறதில்ல."

ஜனங்கள் தந்த பிழைப்பை அவர் குறை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, தாம் பேசுவதைச் சிரிக்காமல் கேட்டால் போதும் என்ற ஆசை மட்டும் உள்ளே கிடந்தது.

நஸ்ரி என்ற இயக்குநர் ஒரு நாடகம் போட்டார். சிறையில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிற தகப்பனின் கதை. தகப்பனாக நடிக்க இருந்தவர் அம்மான் நகரத்துக்குக் குடிபோய்விட, வேறு ஆள் கிடைக்காமல் நஸ்ரி இவரிடம் வந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன், நகரப் பேச்சுதான் பேசணும். உன் 'ச்ச' ஒண்ணு விழுந்துது, நாடகம் காலி. உன் மூஞ்சியப் பாத்தாலே சிரிக்கிற ஜனம்யா இது."

"சிரிச்சாங்கன்னா என்னைக் கழுதைக்காரனாவே புதைச்சிடு. இன்னொரு வேஷம் கேட்டு உன் வாசல்ல நிக்கமாட்டேன்."

சவரம் செய்யும்போதும், ஆலிவ் எண்ணெயில் ரொட்டியைத் தோய்க்கும்போதும் 'க' 'க' என்று பழகினார். வீட்டில் கோழி புகுந்துவிட்டதா என்று மனைவி கேட்டாள்.

முதல் நாள் பாதி நாடகம்வரை ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு சிறைக் காட்சி வந்தது. நடுவில் கண்ணாடி, அந்தப் பக்கம் ஒரு காலி நாற்காலி. மகன் மேடைக்கு வருவதே இல்லை. தகப்பன் தொலைபேசியை எடுத்து, "கேஃப் ஹாலக், மகனே?" என்று நலம் கேட்க வேண்டும். ரஜாயி எடுத்தார். கல்குவாரியில் உழைத்துச் செத்த அவருடைய அப்பா, தினமும் வாசலில் செருப்பை உதறிக்கொண்டே இவரிடம் கேட்ட கேள்வி அது. அந்தக் குரலிலேயே வந்துவிட்டது.

"ச்சேஃப் ஹாலக், யாபா?"

எப்படியிருக்கே, அப்பா? அங்கும் நம் வீடுகளைப் போலத்தான், பெற்றவன் பிள்ளையை அப்பா என்பான்.

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். இன்னொருவன் சேர்ந்துகொண்டான். அவ்வளவுதான், தொலைந்தேன் என்று ரஜாயி நினைத்தார். அப்போது நடுவரிசையிலிருந்து ஒரு பெண், யாரையும் பொருட்படுத்தாமல், பதில் சொன்னாள்.

"அல்ஹம்துலில்லாஹ், யாபா. நல்லாயிருக்கேன். நீ மாத்திரை போட்டியா?"

சிரிப்பு நின்றது.

"போட்டேன், யாபா," என்றார் ரஜாயி, காலி நாற்காலியைப் பார்த்து. அதற்குப் பிறகு அரங்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான்.

நாடகம் முடிந்ததும் பூசிய முகத்தோடு வாசலுக்கு ஓடினார். ராணுவம் சோதனைச் சாவடியை மூடுவதற்குள் போக வேண்டுமென்று அவள் கிளம்பிவிட்டாளாம். பெயர் கேட்டவர் யாருமில்லை. அந்த முகம் தெரியாத மகராசிக்கு அவர் நன்றி சொல்லாத தொழுகை இல்லை. பிச்சை போட்டதுபோல அல்ல, சொந்த வீட்டுக்குள் அழைத்ததுபோல இருந்தது என்பார்.

பிறகு ஜெனின், ஹெப்ரான், நாசரேத் என்று எங்கே போட்டாலும் யாராவது பதில் சொன்னார்கள். "குளிருதுப்பா, கம்பளிச் சட்டை அனுப்பு" என்றான் ஒருவன். "அம்மா கால்வலி எப்படி?" என்றாள் ஒருத்தி. 'ச்ச'வைத் திருத்தச் சொல்லி நஸ்ரி மறுபடி வாயே திறக்கவில்லை. கனமான வேடங்கள் வந்தன, சினிமா வந்தது, தலையும் நரைத்தது. கடைசியில் நஸ்ரி அதே நாடகத்தைப் படமாக்கினார்.

படப்பிடிப்பில் ரஜாயி தொலைபேசியை எடுத்துக் கேள்வியைக் கேட்டதுதான் தாமதம், ஏணி மேலிருந்து ஒரு குரல் "அல்ஹம்துலில்லாஹ், யாபா" என்றது.

"கட்! எவன்டா அது?" என்று நஸ்ரி கத்தினார்.

விளக்கு பிடிக்கும் ஷஹாதெ அசடு வழிந்தான். "மன்னிச்சிடுங்க சார். அவரு கேக்குறாரு, பதில் சொல்லாம எப்படி இருக்கிறது?"

மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ரமல்லாவில் படத்தைத் திரையிட்டபோது, ரஜாயி முதல் தடவையாக ஜனங்களோடு ஜனமாக இருட்டில் உட்கார்ந்தார். பழைய பயம் திரும்பி வந்தது. மேடை என்றால் எதிரே ஆள் இருக்கிறான். திரைக்கு யார் பதில் சொல்லப் போகிறார்கள்? நரைத்த மீசையோடு திரையில் தெரிந்த முகம், அவருடைய அப்பாவின் முகமாகவே ஆகியிருந்தது. அது தொலைபேசியை எடுத்தது.

"ச்சேஃப் ஹாலக், யாபா?"

முன்வரிசை, பின்வரிசை, மாடி, எல்லாப் பக்கமிருந்தும் பதில் எழுந்தது. சத்தம் அடங்கியபின் ரஜாயி, இருக்கையின் நுனிக்கு வந்து, திரையைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

"அல்ஹம்துலில்லாஹ், யாபா. நல்லாயிருக்கேன்."